ஹொக்கி வெறி சோறு போடுமா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு மலையகத்தில் இருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

மகள் தரம் 10 படிக்கிறாள். பாடசாலை ஹொக்கி டீமில் இருக்கிறாள். உங்கள் கட்டுரையை வெட்டி இஸ்தோப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை, புத்தகத்தைத் தொடச் சொன்னால் "தன்ராஜ் படிச்சா பெரிய ஆளானார்?" என்று கேட்கிறாள். நானும் அவள் அப்பாவும் தோட்டத்தில் வேலை. இந்த வெறியை விடுவதா, அடக்குவதா?
ஒரு தாய், தலவாக்கலை

அக்கா, அடக்க வேண்டாம். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டுரையில் இடம் போதாமல் விட்ட பாதிக் கதையையும் மகளிடம் சொல்லுங்கள்.

தன்ராஜ் 1968இல் பூனாவுக்குப் பக்கத்தில் கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அப்பா மைதானம் பராமரிக்கிற வேலை செய்தவர். பிள்ளைகள் யாரோ வீசிய உடைந்த மட்டையைக் கயிற்றால் சுற்றிக் கட்டி விளையாடினார்கள். இந்த இடம் வரைக்கும்தான் எல்லாருக்கும் பிடிக்கும், சினிமா மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது சினிமாவுக்கு உதவாது. அண்ணன் ரமேஷ் மும்பாயில் லீக் ஆடிக்கொண்டிருந்தார், தம்பியும் அங்கே போனார், மஹிந்திரா கம்பனி டீமில் சேர்ந்தார், பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ். அதாவது அவர் வீட்டு அடுப்பு எரிந்தது கம்பனிச் சம்பளத்தில். அந்தப் பிடிமானத்தை வைத்துக்கொண்டுதான் லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், மலேசியா, டாக்கா என்று போய் வெளிநாட்டுக் கிளப்புகளுக்கும் ஆடினார். 1992 முதல் 2004 வரை நாலு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நாலு உலகக் கிண்ணம், நாலு ஆசிய விளையாட்டு. அப்படிப்பட்டவரே ஒரு வேலையில் இருந்துகொண்டுதான் ஆடினார் என்றால் நாம் எம்மாத்திரம்?

இலங்கையில் நிலைமை இன்னும் கஷ்டம். ஹொக்கி ஆடுவதற்காக மட்டும் மாதச் சம்பளம் கொடுக்கிற கிளப் இங்கே கிடையாது. தேசிய அளவில் ஆடுகிறவர்களில் நிறையப் பேர் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் இவற்றில் வேலை பார்க்கிறவர்கள், மிச்சப் பேரில் பலர் கம்பனி வேலைக்காரர்கள். இந்த வாசல் எதைத் தட்டினாலும் முதலில் கேட்பது சாதாரண தரப் பெறுபேற்றைத்தான். உயர்தரமும் சித்தியடைந்து தேசிய மட்டத்தில் ஆடியும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விசேட அனுமதி என்று ஒரு வழி உண்டு. கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்து ஆசிரியையாக வரலாம். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் ஹொக்கி சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண் ஆசிரியைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே "ஹொக்கியா, படிப்பா" என்று அவளிடம் கேட்காதீர்கள். "ஹொக்கி ஆடணும்னா கணக்கு பாஸாகணும்" என்று சொல்லிப் பாருங்கள், அந்த வயசுக்கு அந்தப் பேரம் புரியும்.

இன்னொன்று, நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிகிறது: ஒரு மட்டை வாங்க எத்தனை பேர் போட வேண்டும் என்று நீங்கள் மனசுக்குள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். இந்தியக் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷுக்கு முதல் உபகரணங்கள் வாங்க அவர் அப்பா மாட்டை விற்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் நகையை அடகு வைக்கப் போக வேண்டாம். பாடசாலையில் முன்பு ஆடிவிட்டுப் போன அக்காமாரின் வீடுகளில் மட்டைகள் கதவுக்குப் பின்னால் சும்மா கிடக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் சொல்லி விசாரியுங்கள்.

தொழிலாக ஆடுகிறவர்களுக்கு ஒரே விளையாட்டை வருஷக்கணக்கில் ஆடி அலுத்துப் போகாதா? எனக்கு ரெண்டு வாரம் பயிற்சிக்குப் போனாலே அலுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு ஆர்வம் இல்லையா?
ஒரு மாணவர், பண்டாரவளை

தம்பி, அலுக்கும். அலுக்காது என்று சொல்கிற வீரரை நம்பாதே.

பெனால்டி கோர்னரை எடுத்துக்கொள், கோலுக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள் எதிரணி தப்புச் செய்தால் கிடைக்கிற வாய்ப்பு அது. டிவியில் பார்க்கும்போது யார் கண்ணுக்குத் தெரிகிறார்? கோல் போடுகிறவர். ஆனால் அதில் மூன்று பேருக்கு வேலை இருக்கிறது. ஒருவர் கோலுக்குப் பக்கத்துப் பின்கோட்டில் இருந்து பந்தைத் தள்ளிவிடுகிறார், இன்னொருவர் வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துகிறார், மூன்றாமவர் இழுத்து வீசுகிறார். பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம் என்பது விதி. முதல் அடி ஓங்கி அடிக்கிற அடியாக இருந்தால் பந்து 46 சென்ரிமீற்றர் பலகை உயரத்துக்குள் கோலுக்குள் போக வேண்டும், இழுத்து வீசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் 'டிராக் ஃபிளிக்' காரர்களுக்கு இவ்வளவு மவுசு. இப்போது நடுவில் நிற்கிறவரைப் பார். முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, சீறி வருகிற பந்தை அப்படியே செத்த மாதிரி நிறுத்த வேண்டும். நாலு விரல் தூரம் உருண்டுவிட்டாலும் வீசுகிறவரின் காலடி தப்பிப் போகும், அதற்குள் எதிரணி ஓடி வந்துவிடும். பத்திரிகையில் இவருடைய படம் வராது. மற்றவர்கள் பஸ் ஏறப் போன பிறகும் முதுகைப் பிடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். எனக்குத் தெரிந்த வரையில் வெறி என்று ஒன்று இருந்தால் அதை இவரிடம்தான் பார்க்கலாம். மேட்ச் அன்று முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு கத்துகிறவனுக்கு இருப்பது உற்சாகம், அதுவும் நல்லதுதான், சாயந்திரத்தோடு இறங்கிவிடும்.

அடி வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் பாங்கொக்கில் தென்கொரியாவை பெனால்டியில் வென்று 32 வருஷத்துக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் எடுத்தபோது கெப்டன் தன்ராஜ்தான். வந்த கையோடு அவரையும் வேறு சில மூத்த வீரர்களையும் 'ஓய்வு' என்று சொல்லி டீமில் இருந்து வெளியே வைத்தார்கள். காசையும் வசதியையும் பற்றி வாய் திறந்து கேட்டதுதான் காரணம் என்று அப்போதே பேச்சு. மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவார், அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. பிறகு 2000 சிட்னி ஒலிம்பிக். போலந்தோடு 1-0 முன்னிலை, வென்றால் அரையிறுதி, கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி 1-1, எல்லாம் போச்சு. அழுதார். அழுதுவிட்டுத் திரும்ப வந்து 2004 ஏதென்ஸ் வரைக்கும் ஆடினார்.

உனக்கு ரெண்டு வாரத்தில் அலுக்கிறது என்றால் ஒன்று செய். ஒரு மாதம் விட்டுப் பார். மட்டையைத் தொடாமல் இருக்கும்போது கை பரபரக்கிறதா, இல்லை நிம்மதியாக இருக்கிறதா? நிம்மதி என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பண்டாரவளையில் வேறு விளையாட்டா இல்லை!

நான் இடது கைப் பழக்கம். இடது கை மட்டை கேட்டதற்கு எங்கள் சேர் சிரிக்கிறார். ஏன்?
ஒரு மாணவி, மாத்தளை

ஹொக்கிக்கே பேர்போன ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா, பிள்ளை! இடது கை மட்டை என்று ஒன்று விதியிலேயே இல்லை. எல்லா மட்டைக்கும் இடது பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். மட்டையைத் திருப்பி விளிம்பாலும் ஆடலாம், ஆனால் முதுகுப் பக்கம் பட்டால் விசில். கவலைப்படாதே, மட்டையின் உச்சியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புகிறது இடது கைதான். கீழே இருக்கிற வலது கை பெரும்பாலும் ஒரு குழாய் மாதிரி லேசாகச் சுற்றி இருக்கும், அடிக்கும்போதும் தள்ளும்போதும்தான் அதற்கு வேலை. வலது கைப் பழக்கக்காரர்கள் மாதக்கணக்காகப் பழக்குகிற மணிக்கட்டு உனக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. சேர் அடுத்த முறை சிரித்தால் இதைச் சொல்.

கிரிக்கெட் ஆடினால் கோடி. ஹொக்கி ஆடினால்?
நுவரெலியா

2024 ஒக்டோபரில் நடந்த ஹொக்கி இந்தியா லீக் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் இந்திய கெப்டன் ஹர்மன்பிரீத் சிங், 78 இலட்சம் இந்திய ரூபா. அடுத்த மாதம் ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பண்ட் 27 கோடி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 78 இலட்சத்தையும் எச்சில் இலை மாதிரித் தள்ள வேண்டாம், நாம் ரெண்டு பேரும் அதைப் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டத்து மைதானம் ஒரு பக்கம் சரிவு, மழை பெய்தால் சகதி. கொழும்புப் பிள்ளைகள் செயற்கைத் தளத்தில் பழகுகிறார்கள். அவர்களோடு போய் எப்படி மோதுவது?
ஒரு பயிற்றுநர், பொகவந்தலாவை

சேர், உங்கள் எரிச்சல் நியாயமானது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லைக் கொண்டுவந்த பிறகு புல்தரையில் கொடிகட்டிப் பறந்த இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமே மூச்சு வாங்கியது. தண்ணீர் தெளித்த தளத்தில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும், இடுப்பை இன்னும் தாழ்த்தி ஆட வேண்டும், யோசிக்க நேரம் கிடைக்காது.

சகதியில் டிரிபிள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதைப் பழக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். மழை நாளில் பாடசாலை மண்டபத்துச் சிமெந்துத் தரை, இல்லையென்றால் நெட்போல் கோர்ட், அதுவும் இல்லையென்றால் கொழுந்து மடுவத்துக்கு முன்னால் இருக்கிற சிமெந்து. டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துத் திரும்பி வருவதை நிறுத்தப் பழகட்டும், வேகம் கிட்டத்தட்ட அங்கே கிடைத்துவிடும். மட்டை தேயும், அதனால் பழைய மட்டை. மைதானம் காய்ந்திருக்கிற நாளில் சரிவை ஓடுவதற்குப் பாவியுங்கள், மேலே ஏறி, திரும்பி, இறங்கி. மலையில் ஓடிப் பழகிய பிள்ளைக்குக் கடைசிக் கால்பகுதிப் பதினைந்து நிமிடத்தில் கால் ஓயாது, அது உங்கள் பக்கத்துச் சொத்து. ஆனால் குண்டும் குழியுமான தரையில் நிஜப் பந்து 160 கிராம் எடையோடு எகிறி வரும். ஷின் கார்டும் வாய்க்கு கம் ஷீல்டும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் இறக்காதீர்கள். போட்டிக்கு முதல் நாளே கொழும்பு போய் அந்தத் தளத்தில் அரை மணி நேரமாவது பந்தைத் தட்ட அதிபரிடம் வாதாடி அனுமதி வாங்குங்கள். விடிய நாலு மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறி, தூக்கக் கலக்கத்தோடு போய் இறங்கி, நேரே மேட்ச் ஆடித் தோற்றுவிட்டு வருகிற கதை போதும்.

வயது 37. மாவட்ட மட்டம் வரை ஆடினேன். முழங்கால் போய்விட்டது, இப்போது கடை வைத்திருக்கிறேன். மைதானப் பக்கம் போனால் நெஞ்சு அடைக்கிறது, போகாமலும் இருக்க முடியவில்லை. எப்போதுதான் இது விடும்?
ஒரு வாசகர், ஹட்டன்

விடாது, அண்ணே. தன்ராஜ் கடைசி ஒலிம்பிக் ஆடும்போது வயது 36. டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஹொக்கிப் பதக்கம் கிடைத்தபோது கடைசி வினாடிகளில் ஜேர்மனியின் பெனால்டி கோர்னரைத் தடுத்த ஸ்ரீஜேஷும் 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு 36 வயதில்தான் நிறுத்தினார். அவர்களுக்கே உடம்பு விடைகொடுக்கிற வயசு அது. ஸ்ரீஜேஷ் அடுத்ததாகப் போன இடம் இந்திய ஜூனியர் டீமின் பயிற்றுநர் வேலை.

நீங்கள் நடுவர் பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் பாடசாலை மேட்ச் வைத்தால் விதி தெரிந்த நடுவருக்குக் கண்டிக்கும் மாத்தளைக்கும் போன் போட வேண்டியிருக்கிறது. முழங்காலை மட்டும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள், ஓடத்தான் வேண்டும். ஆனால் ஹொக்கிக்கு ரெண்டு நடுவர், ஆளுக்குப் பாதி மைதானம்தான்.