அய்யா காரின் என்ஜினுக்கு பவுடர் கோட்டிங் செய்யலாமா?

கேள்வி: எங்கள் அய்யா வாங்கிய 1964 அம்பாசடர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. என்ஜினைப் பிரித்துவிட்டோம். ராக்கர் கவர் (என்ஜினின் மேல் மூடி), ஆயில் சம்ப் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) மூன்றுக்கும் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு) கொடுக்கலாமா? ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் பட்டறை போதுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ராக்கர் கவருக்கும் சம்ப்புக்கும் தாராளமாகக் கொடுங்கள். மேனிஃபோல்டுக்கு மட்டும் வேண்டாம். சாதாரண பவுடர் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகி இறுகுவது, மேனிஃபோல்டோ அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும், கருகி உரிந்துவிடும். அதற்குச் சூடு தாங்கும் ஹீட் பெயின்ட்தான் சரி.

கிரில் பட்டறையிலேயே அடிக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிச் செய்ய வேண்டும். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு இன்னும் பளபளக்கிறதே, அடிப்பூச்சைப் பொறுமையாகச் செய்ததால்தானே? இதுவும் அப்படித்தான். அறுபது வருட எண்ணெய் ஊறிய உலோகத்தை நன்றாகக் கழுவி, பவுடர் தூவும் முன் ஒருமுறை வெறுமனே பட்டறை அடுப்பில் சுட வையுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் அப்போதே வெளியேறாவிட்டால் பூச்சில் குமிழ் குமிழாகக் கிளம்பும், வார்ப்பு அலுமினிய பாகங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். போல்ட் மரைகள், கேஸ்கட் (கசிவு தடுக்கும் அட்டை) உட்காரும் முகம், சம்ப்பின் உட்புறம் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கோன் அடைப்பாலும் மூடச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய பயம் மணல்தான். துரு எடுக்க மணல் பீய்ச்சிய பிறகு மூலை முடுக்கில் ஒரு சிட்டிகை தங்கினாலும் அது எண்ணெயோடு போய் பேரிங்கை அரித்துவிடும். காற்றடித்து, கழுவி, திரும்பவும் காற்றடியுங்கள். அப்புறம், வீட்டு அவனில் இதைச் சுட்டுப் பார்க்க நினைத்தால், அதில் இனிமேல் சமைக்கவே கூடாது.