கப்பலின் அடியைப் பார்க்க ரோபோ மட்டும் போதுமா?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் 11 வயதுக் கப்பல் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. இடைக்கால டாக்கிங், அதாவது ஐந்தாண்டுச் சுற்றின் நடுவில் கப்பலை டிரை டாக்கில் (நீரை வெளியேற்றிய தளத்தில்) ஏற்றி அடியைப் பார்ப்பது, நெருங்குகிறது. "டிரை டாக் வேண்டாம், டைவரும் வேண்டாம். எங்கள் ரோபோ அடிப்பகுதி முழுவதையும் படம்பிடித்துத் தந்துவிடும். வேண்டுமானால் அதே நாளில் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் (ஓடுள்ள சிறு கடல் உயிரி) சுரண்டிவிடலாம்" என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பி இறங்கலாமா?

பதில்: அந்த நிறுவனத்துக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் கிளாஸுக்கு (கப்பலின் தகுதியைச் சரிபார்த்துச் சான்று தரும் அமைப்பு) ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கிளாஸ் ஏற்காவிட்டால், எவ்வளவு நல்ல வீடியோவாக இருந்தாலும் டாக்கிங் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது.

சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி சரக்குக் கப்பலின் அடிப்பகுதியை 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 முறை பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் ஒன்றை, பொதுவாக நடுவில் வருவதை, கப்பல் மிதக்கும்போதே தண்ணீருக்குள் முடித்துக்கொள்ள கிளாஸ் அனுமதிக்க முடியும். உங்களுக்கு வருவது இடைக்கால முறை என்பதால் வாய்ப்பு இருக்கிறது. (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் பல்க் கேரியரோ எண்ணெய் டேங்கரோ 15 வயதைத் தாண்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, டாக்கில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.) நீருக்கடி சர்வேக்கான குறியீடு கப்பலின் கிளாஸ் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரோபோ நிறுவனத்திடம் உங்கள் கிளாஸ் கொடுத்த அங்கீகாரச் சான்று கேளுங்கள். வேறு கிளாஸ் கொடுத்ததைக் காட்டினால் அதை உங்கள் கிளாஸ் ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: வீடியோவைப் பென் டிரைவில் போட்டுப் பிறகு கொடுத்தால் அது சர்வே ஆகிவிடாது. "கொஞ்சம் பின்னால் போ, அந்த வெல்டிங்கைக் காட்டு" என்று கிளாஸின் சர்வேயர் (ஆய்வாளர்) சொல்லச் சொல்ல, ரோபோவை ஓட்டுபவர் அந்த நேரத்திலேயே காட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இந்தத் தொழிலில் பாதி வேலை தெளிந்த தண்ணீரைத் தேடுவதுதான். மேற்கு வங்கத்தின் ஹால்டியா பக்கம் ஹூக்ளி ஆற்றுக் கலங்கலில் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவை இறக்கினாலும் பழுப்புத் திரைதான் தெரியும். விளக்கைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால்தான் நல்ல ரோபோக்களில் விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு ஓரங்களுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். கலங்கலில் சோனார் (ஒலியால் படம் காட்டும் கருவி) உதவும் என்பார்கள். உண்மைதான், பெரிய பள்ளத்தையோ தொங்கும் கயிற்றையோ அது காட்டிவிடும். ஆனால் வெல்டிங்கில் ஓடும் மயிரிழை விரிசலையும் பெயின்ட் கொப்புளத்தையும் அது காட்டாது. எனவே பெர்த்தில் (சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுக மேடையில்) கட்டியிருக்கும்போது அவசரமாக முடிக்கப் பார்க்காதீர்கள். சரக்கை இறக்கிவிட்டு, கப்பல் லேசாக இருக்கும்போது, தண்ணீர் தெளிந்திருக்கும் நங்கூரத் தளத்தில், நீரோட்டம் தணியும் நேரமாகப் பார்த்து வையுங்கள். பருவக்காற்று மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பலரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: ரோபோ எந்த இடத்தைப் படம்பிடிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. சாதாரணக் காந்த திசைகாட்டி இத்தனை பெரிய இரும்புத் தகட்டுக்குக் கீழே போனால் தடுமாறும். ஒலியை வைத்து இடம் காணும் கருவிகளுக்கும் தட்டையான அடிப்பகுதியில் எதிரொலி குழப்பம் தரும். நூறு மீட்டர் நீளக் கப்பலின் அடியில் எல்லாப் பக்கமும் ஒரே சிவப்புப் பெயின்டாகத் தெரியும்போது, ஓட்டுபவர் ஒரே பட்டையை இரண்டு முறை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பட்டையை விட்டுவிடுவது எளிதில் நடக்கும். இதற்கு நம்பகமான வழி பழைய வழிதான். கப்பலின் டாக்கிங் பிளானை (அடிப்பகுதியின் வரைபடம்) திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, வெல்டிங் கோடுகளையும் டாக்கிங் பிளக்குகளையும் (டேங்க் நீரை வடிக்கும் அடைப்பான்கள்) பில்ஜ் கீலையும் (கப்பல் உருளாமல் இருக்க இரு பக்கமும் நீளும் தகடு) அடையாளமாகக் கொண்டு, ஃபிரேம் எண்ணை (கப்பலின் குறுக்குச் சட்டங்களுக்கான வரிசை எண்) குரலில் பதிவு செய்தபடி பட்டை பட்டையாகப் போக வேண்டும். அடிப்பகுதியில் டேங்க் எல்லைகளை வெல்டிங்கில் குறித்து வைத்திருந்தால் பெரிய உதவி. இல்லையென்றால் அடுத்த டிரை டாக்கில் மறக்காமல் போட்டுவிடுங்கள். அளவு தெரிய, இரண்டு லேசர் புள்ளிகள் குறிப்பிட்ட இடைவெளியில் படத்தில் விழ வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு பள்ளம் கையளவா தட்டளவா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ரோபோ அசத்தும் இடங்களும் உண்டு. தண்ணீர் உறிஞ்சும் சீ செஸ்ட் (அடியில் உள்ள நீர் உள்ளிழுக்கும் அறை) கம்பிவலை, பௌ திரஸ்டர் (முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு புரொப்பல்லர்) குழாயின் உட்புறம், புரொப்பல்லர் இதழ்களின் விளிம்பு, சுக்கானின் பின்பக்க அரிப்பு, எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டும். உங்கள் வழித்தடத்தில் மீன்வலைகள் அதிகம் என்பதால் புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் ரோப் கார்டு (கயிறு நுழையாமல் தடுக்கும் மூடி) இடைவெளியில் ரோபோவைச் சில நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். நைலான் இழை ஒரு சுற்றுப் போட்டு உள்ளே நுழைந்தால் ஸ்டெர்ன் டியூப் (புரொப்பல்லர் தண்டு வெளியே வரும் குழாய்) சீலை அறுத்து எண்ணெய்க் கசிவில் கொண்டுபோய்விடும். வெளியே இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு நுனி நீட்டிக்கொண்டிருப்பதுதான் பல நேரங்களில் ஒரே தடயம். இரும்பு அரிக்காமல் காக்கத் தாம் கரையும் ஜிங்க் கட்டிகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பதும் நன்றாகத் தெரியும். மின்னழுத்தம் அளக்கும் முனை ரோபோவில் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளி-வெள்ளி குளோரைடு முனையில் (ஒப்பிட்டு அளக்கும் மின்முனை) மைனஸ் 800 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ காட்டினால் அந்த இடத்தில் இரும்புக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள்.

ஆனால் "டைவரே வேண்டாம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். சுக்கான் பேரிங்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழைத்து அளக்க வேண்டும். ஸ்டெர்ன் டியூப் தேய்மானத்தை அளக்க போக்கர் கேஜ் (தண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் ஆழமானி) பொருத்த வேண்டும். இந்த அளவுகளை சர்வேயர் கேட்பார். சாதாரண ஆய்வு ரோபோவின் கையால் அது நடக்காது. என் ஆலோசனை: முதலில் ரோபோ முழுச் சுற்று போகட்டும். அது காட்டிய சந்தேக இடங்களுக்கும் இந்த அளவுகளுக்கும் மட்டும் டைவர் இறங்கட்டும். டைவர் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் பல மடங்கு குறையும். கப்பலின் அடியில் ஒரு மனிதர் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான் என்பதால், ரோபோவின் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான்.

தகட்டின் தடிமனை ரோபோ அளக்கும் என்று தனிக் கட்டணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். பெயின்டைக் கழித்து இரும்பை மட்டும் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கொட்டலசு ஒட்டிய இடத்திலும் குழி விழுந்த இடத்திலும் முனை சரியாகப் படியாது. பெரும்பாலான அடித்தகடுகளை பேலஸ்ட் டேங்குக்குள் (கப்பலைச் சமன்படுத்த நீர் நிரப்பும் தொட்டி) இறங்கி உள்ளிருந்தே அளந்துவிடலாம். அப்படி எட்ட முடியாத இடங்களுக்கு மட்டும் ரோபோவைக் கேளுங்கள்.

ரோபோதானே என்று பாதுகாப்பில் தளர்ந்துவிட வேண்டாம். இன்ஜின், டர்னிங் கியர் (இன்ஜினை மெதுவாகச் சுழற்றும் கருவி), திரஸ்டர், சுக்கான் எல்லாவற்றையும் பூட்டி, இயக்கக் கூடாது என்ற அட்டை மாட்டுங்கள். பார்க்கப்போகும் பக்கத்து சீ செஸ்ட்டில் உறிஞ்சுவதை நிறுத்தி எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். ரோபோவின் கேபிள் புரொப்பல்லரில் சிக்கினால் அதை எடுக்கக் கடைசியில் ஒரு டைவர்தான் இறங்க வேண்டியிருக்கும். துறைமுக அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

சென்னை ஐஐடியில் 2015-இல் உருவான பிளானிஸ், கொச்சியின் ஐரோவ் என்று இங்கேயே ரோபோ செய்பவர்கள் இருக்கிறார்கள். எனவே ஒரே நிறுவனத்தின் விலையோடு நின்றுவிடாமல் நாலு இடத்தில் கேளுங்கள். வெட்டி ஒட்டாத முழு வீடியோவும் உங்களுக்கு வர வேண்டும் என்பது நிபந்தனையில் இருக்கட்டும்.

அப்புறம் கொட்டலசு. அதே நாளில் சுரண்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள். கடல் உயிரிகள் ஒட்டுவது பற்றி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் திருத்திய வழிகாட்டுதல், படிவை 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. 1 என்றால் வழுவழுப்பான மெல்லிய படலம் மட்டும். அந்த நிலையில் மென்மையான பிரஷ் போதும். கொட்டலசு கண்ணுக்குத் தெரிகிறதென்றால் குறைந்தது 2. அதைச் சுரண்டும்போது தாமிரம் கலந்த பெயின்டும் சேர்ந்து உதிரும். உதிர்வதை உறிஞ்சிச் சேகரிக்கும் இயந்திரத்தால்தான் செய்ய வேண்டும். பல துறைமுகங்கள் சேகரிக்காமல் சுரண்டுவதை அனுமதிப்பதே இல்லை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளுக்குப் பக்கத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆனால் கொட்டலசு மூடியிருக்கும் தகட்டை சர்வேயர் ஏற்க மாட்டார். எனவே சில வாரம் முன்னதாக ரோபோவை ஒருமுறை இறக்கிப் படிவின் நிலையைப் பாருங்கள். துறைமுகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடும், உங்கள் பெயின்ட் தயாரிப்பாளரிடம் எந்த பிரஷ் ஒத்துவரும் என்று கேட்டும் சுத்தம் செய்யுங்கள். அந்தக் கலங்கல் அடங்கிய பிறகு சர்வேக்குத் தேதி குறியுங்கள்.