பாரிஸ் கலியாணமும் கலே சுங்கமும்: ஒரு காரில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு

கேள்வி: ஹாரோவில் 20 வருடமாக இருக்கிறோம். 2026 ஓகஸ்ட் கடைசியில் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் அண்ணாவின் மகனுக்குக் கலியாணம். டோவரில் காரோடு கப்பலேறிப் போகிறோம். எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. மனைவிக்கு நெதர்லாந்துக் கடவுச்சீட்டு, இங்கே செட்டில்ட் ஸ்டேட்டஸ் (ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளுக்கான நிரந்தர வதிவிட உரிமை). அம்மாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டு, இங்கே நிரந்தர வதிவிடம், எங்களோடுதான் இருக்கிறார். என்னுடையது 2016 ஜூலையில் எடுத்தது, 2027 ஏப்ரல் வரை செல்லும், அதனால் பிரச்சினை இல்லை. கூறை, தாலிக்கொடி, பலகாரம், மட்டன் ரோல்ஸ் எல்லாம் இங்கிருந்துதான் போகவேண்டும். முன்பு யாரும் டிக்கியைத் திறந்து பார்த்ததில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு இப்போதுதான் முதல் தடவை போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பெரிய பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. அந்தக் கடவுச்சீட்டோடு ஓகஸ்டில் டோவருக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2018 செப்டம்பர் வரை பிரித்தானியாவில் ஒரு வழமை இருந்தது. பழைய கடவுச்சீட்டில் மிச்சமிருக்கும் மாதங்களை, 9 மாதம் வரை, புதியதில் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்களுடையது 2027 ஏப்ரல் வரை செல்வது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நாட்டவருக்கு ஷெங்கன் (தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையில் வேறு கணக்கு: உள்ளே போகும் நாளில் கடவுச்சீட்டு எடுத்து 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உங்களுடையதற்கு ஜூலையிலேயே 10 வருடம் முடிந்துவிடுகிறது. இன்றைக்கே இணையத்தில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். வழமையாக மூன்று கிழமைக்குள் வந்துவிடும்.

இனி மற்றவற்றுக்கு வருவோம். பிரெக்சிட்டுக்கு முன்பு எல்லையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பிரித்தானியா ஷெங்கனில் எப்போதுமே இருந்ததில்லை, கடவுச்சீட்டை அப்போதும் காட்டத்தான் வேண்டும். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகச் சொன்னார்கள். 2020 ஜனவரி 31-ல் நாடு விலகியது. அந்த வருடம் முழுக்கப் பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன. உண்மையான மாற்றம் 2021 ஜனவரி 1-ல்தான் வந்தது. அன்றிலிருந்து பிரான்சுக் கரையிலுள்ள கலே துறைமுகச் சுங்கத்தைப் பொறுத்தவரை, கொழும்பிலிருந்து வரும் பெட்டிக்கும் ஹாரோவிலிருந்து வரும் டிக்கிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அம்மாவின் விஷயம்தான் மிக அவசரம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனில் நிரந்தர வதிவிடம் இருப்பது அதற்கு உதவாது. வழமையான வழியில் போனால் கட்டணம் 90 யூரோ, அதோடு வங்கிக் கணக்கு, தங்குமிடம் என்று ஒரு கட்டுத் தாள். ஆனால் உங்கள் வீட்டில் இன்னொரு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை ஒருவர் தன் சொந்த நாடல்லாத இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது, அவரிலோ அவருடைய துணையிலோ தங்கி வாழும் பெற்றோர் கூடப் போகலாம். அவர்களுக்கு விசா இலவசம், விரைவாகவும் கொடுக்க வேண்டும். உங்கள் மனைவி நெதர்லாந்துப் பிரஜை, போவது பிரான்சுக்கு. பொருந்துகிறது. 2020 வரை உங்கள் கடவுச்சீட்டுக்கும் இந்த உரிமை இருந்தது; மகனுக்குப் போனது மருமகளிடம் மிஞ்சியிருக்கிறது. அம்மாவுக்கு அதைச் சொல்லிவையுங்கள், வீட்டில் மருமகளுக்குக் கொஞ்சம் மரியாதை கூடும்.

விண்ணப்பிக்கும்போது திருமணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மா உங்கள் வீட்டில் உங்கள் செலவில் வாழ்கிறார் என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். ஒன்று கவனம்: உங்கள் மனைவி பிரெஞ்சுப் பிரஜையாக இருந்திருந்தால் பிரான்ஸ் பயணத்துக்கு இந்த வழி பொருந்தாது. கோடை விடுமுறைக் காலத்தில் விசா நிலையத்தில் நாள் கிடைப்பதே கஷ்டம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் இனித் தள்ளிப்போட வேண்டாம்.

மனைவிக்குப் போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. திரும்பி வரும்போதுதான் பார்க்க வேண்டும். செட்டில்ட் ஸ்டேட்டஸ் இப்போது இணையக் கணக்கில் மட்டும் இருக்கிறது. இடையில் அவர் நெதர்லாந்துக் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால், புதிய இலக்கத்தை அந்தக் கணக்கில் பதிந்தாரா என்று கேளுங்கள். பதியாமல் வந்து கலேயில் நின்று தொலைபேசியில் கடவுச்சொல் தேடியவர்களை எனக்குத் தெரியும். அம்மாவின் வதிவிட அட்டைக்கும் இதே கதை: அந்த அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டன, இப்போது இ-விசாதான்.

நீங்களும் பிள்ளைகளும் டோவரில் பிரெஞ்சுப் பொலிஸாரிடம் கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய நுழைவுப் பதிவு முறை இது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும். மனைவிக்கு எதுவுமே இல்லை, ஆனால் ஒரே கார் என்பதால் அவரும் வரிசையில்தான் இருக்க வேண்டும். முதல் தடவைப் பதிவுக்கு நேரமெடுக்கும், இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே கிளம்புங்கள்.

அப்புறம், பிள்ளைகள் பிறந்தபோது மனைவி நெதர்லாந்துப் பிரஜையாக இருந்திருந்தால் பிள்ளைகளும் நெதர்லாந்துப் பிரஜைகள்தான். இந்தப் பயணத்துக்கு அது தேவையில்லை. ஆனால் நாளைக்கு ஐரோப்பாவில் படிக்க, வேலை செய்ய அந்தக் கடவுச்சீட்டு பெரிய சொத்து. கலியாணம் முடிந்ததும் தூதரகத்தில் விசாரியுங்கள்.

சரி, டிக்கிக்கு வருவோம். மட்டன் ரோல்ஸை மறந்துவிடுங்கள். இறைச்சியும் பால் பொருளும் ஒரு துண்டுகூட ஒன்றியத்துக்குள் போகக்கூடாது, வீட்டில் சமைத்ததானாலும் சரி. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஒரு லொறிச் சாரதியின் பன்றியிறைச்சி சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பறித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டு பாணையாவது தாருங்கள் என்று கேட்டார் அந்த மனிதர். அதையும் கொடுக்கவில்லை.

நெய்ப்போத்தலும் வேண்டாம். பால்கோவா இரண்டுங்கெட்டான்: இனிப்புப் பண்டங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் இது முழுக்கப் பாலாலேயே ஆனது. அந்த வாதத்தைக் கலேயில் நின்று செய்ய நான் போகமாட்டேன். பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு ஆகியவற்றைப் பயமில்லாமல் கொண்டுபோகலாம். மீனுக்கும் கருவாட்டுக்கும் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி இருக்கிறது.

பழம், இலை, பூவில்தான் வேடிக்கை. தாவரப் பொருள் எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, நிறைகுடத்துத் தேங்காய் போகும், அதில் வைக்கும் மாவிலை போகாது. தட்டத்து வாழைப்பழம் போகும், வெற்றிலை போகாது. மாலையும் கறிவேப்பிலையும் அப்படித்தான். இவையெல்லாம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் கிடைக்கும். அண்ணாவிடம் சொல்லி அங்கேயே எடுப்பியுங்கள்.

கூறையும் தாலிக்கொடியும் வேறு வகை. அம்மாவும் மனைவியும் போட்டுக்கொண்டு போய்த் திரும்பிவரும் நகைகள் சொந்தப் பாவனைப் பொருள். ரசீதோ ஒரு படமோ கையிலிருந்தால் திரும்பும்போது கேள்வி வராது. மணமகளுக்குக் கொடுக்கக் கொண்டுபோவது அன்பளிப்பு. கப்பலில் போனால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 430 யூரோ வரை வரியில்லை. சுரங்கப் பாதையில் போனால் 300 யூரோதான். ஒரு தனிப்பொருளை ஐந்து பேருக்குப் பங்குபோட்டுக் காட்ட முடியாது. 900 யூரோக் கூறைக்கு முழுப் பெறுமதிக்கும் வரி, பிரான்சில் பெறுமதி சேர் வரி மட்டுமே 20 வீதம். தாலிக்கொடியைச் சொல்லவே வேண்டாம். இவற்றைச் சுங்கத்தில் அறிவித்துக் கட்டுங்கள். ஒளித்துப் பிடிபட்டால் தண்டமும் வரும், கலியாண முகூர்த்தம் வரை தாலி யார் கையில் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. என்னைக் கேட்டால், தாலிக்கொடியை லா ஷப்பலிலேயே செய்விக்கச் சொல்வேன்.

மொய்க்காசு 10,000 யூரோவை எட்டினால் போகும்போது அறிவிக்க வேண்டும். திரும்பும்போது 10,000 பவுண்ட். பிரித்தானியாவில் குடும்பத்துக்குச் சேர்த்துத்தான் கணக்கு.

கார் காப்புறுதிக்குப் பச்சை அட்டை (வெளிநாட்டில் காட்டும் காப்புறுதிச் சான்று) தேவையில்லை. பழைய ஜிபி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு யூகே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கைத்தொலைபேசி நிறுவனத்திடம் ரோமிங் கட்டணம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் மறுபடி அறவிடுகிறார்கள்.

வரும்போது மிஞ்சிய கலியாண ஆட்டுக்கறியை அண்ணி கட்டித் தந்தால் வாங்காதீர்கள். கோமாரி நோய்ப் பயத்தில் 2025 ஏப்ரலிலிருந்து பிரித்தானியாவும் ஒன்றியத்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் தடுத்திருக்கிறது. கோழிக்கறி என்றால் வாங்கிக்கொள்ளலாம்.