அட்டாச்டு பாத்ரூம் யார் அறைக்கு வேண்டும்?

கேள்வி: காட்பாடி விருதம்பட்டில் 3 சென்ட் மனையில் வீடு கட்டப் போகிறோம். கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒரு அறை. அம்மா, அப்பா, நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன் என வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. பிளான் போட்டவர் மூன்று அறைக்கும் அட்டாச்டு பாத்ரூம் வைத்துவிட்டு, பொதுப் பாத்ரூமை எடுத்துவிட்டார். மனைவி எங்கள் அறைக்கு அட்டாச்டு கட்டாயம் வேண்டும் என்கிறார். அம்மாவோ, "படுக்கிற அறைக்குள்ள கக்கூஸ் எதுக்கு, நாத்தம் வரும்" என்கிறார். பணம் போட்டுச் செய்கிற அளவுக்கு அது தேவைதானா?

பதில்: தேவைதான். ஆனால் உங்கள் வீட்டில் அது முதலில் போக வேண்டியது அம்மா, அப்பா படுக்கும் கீழ் அறைக்கு. உங்கள் அறைக்கென்று வரைந்திருக்கும் பாத்ரூமின் கதவை நடைப்பக்கம் திருப்பிப் பொதுவாக்கிவிடுங்கள். மாடி அறைக்கும் ஒன்று இருக்கட்டும். அதன் காரணம் வேறு, கடைசியில் சொல்கிறேன். பாத்ரூம் எண்ணிக்கை மாறவில்லை. ஒரு கதவுதான் இடம் மாறுகிறது. அந்தக் கதவுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பொதுப் பாத்ரூம் இல்லாத வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காட்ட வரும் சொந்தக்காரர்கள் நம் ஊர் வீடுகளில் நாலு நாள், பத்து நாள் தங்குவது வழக்கம். வருகிறவர்களில் ஒருவர் நோயாளி, கூட வருகிறவர் பெரும்பாலும் வயதானவர். இராத்திரி ஹாலில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு இரண்டு மணிக்கு அவசரம் வந்தால், உங்கள் அறைக் கதவையோ அப்பா அறைக் கதவையோ தட்ட வேண்டும். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். பண்டிகை நாளிலும் இதே கதைதான்: வந்தவர்கள் எல்லோரும் உங்கள் கட்டிலைத் தாண்டிப் போய்வருவார்கள். தனிமைக்காகக் கட்டிய பாத்ரூம் தனிமையைக் கெடுத்துவிடும்.

இப்போது அப்பா அறை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இரவில் இரண்டு, மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பாதங்களில் உணர்ச்சியும் குறைந்திருந்தால், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரையிலான ஒவ்வொரு அடியும் விழுவதற்கான வாய்ப்பு. இடுப்பு எலும்பு முறிந்து பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டால் குடும்பமே ஸ்தம்பித்துப்போகும். அதனால்தான் முதல் அட்டாச்டு அவர்களுக்கு என்கிறேன்.

அந்தப் பாத்ரூமைக் கட்டும்போது கதவு விஷயத்தில் மேஸ்திரியின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். பாத்ரூமுக்கு இரண்டரை அடிக் கதவு, உள்பக்கம் திறப்பது என்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து உடம்பு கதவை அடைத்துக்கொண்டால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி, 3 அடி அகலத்தில் வையுங்கள். பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் நுழையும். தாழ்ப்பாளுக்குப் பதில் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். வெஸ்டர்ன் கம்மோடு, பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி. அந்தக் கைப்பிடியை டைல்ஸ் ஒட்டிய பிறகு சின்ன ஸ்குரூவில் மாட்டினால் ஒரு நாள் ஆளோடு பெயர்ந்து வரும். செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் ஆங்கர் போல்ட்டில் நிற்க வேண்டும். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ். அறைக்கும் பாத்ரூமுக்கும் இடையில் ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று தரையை இறக்கும் பழக்கம் உண்டு. கால் தடுக்குவது அங்கேதான். அரை அங்குலம் போதும், தரைச் சரிவைச் சரியாகக் கொடுத்தால் தண்ணீர் அறைக்குள் வராது. விளக்கின் ஸ்விட்ச் கட்டிலுக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒன்று இருக்கட்டும்.

காலை நேரத்துக்கு வருவோம். இரண்டு பேருக்குப் பள்ளி, உங்களுக்கு வேலை. ஒரே அறையில் கழிப்பறையும் குளியலும் இருந்தால், மகள் தலைக்குக் குளிக்கும் இருபது நிமிடமும் கழிப்பறை பூட்டியே கிடக்கும். பொதுப் பாத்ரூமை இரண்டாகப் பிரியுங்கள்: கழிப்பறைக்கு 3க்கு 5 அடி, குளியலறைக்கு 5க்கு 5 அடி, வாஷ்பேசின் வெளியே நடையில். இப்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் தங்கள் வேலையைப் பார்க்கலாம். கழிப்பறையும் குளியலும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 சதுர அடி. பிரித்துக் கட்ட அதைவிடப் பத்துச் சதுர அடியும் ஒரு குறுக்குச் சுவரும் ஒரு கதவும் கூடுதலாகும். இன்னொரு முழு பாத்ரூம் கட்டுவதைவிட இது எவ்வளவோ மலிவு. பழைய வீடுகளின் பின்கட்டில் கக்கூஸ் தனி, குளிக்கிற இடம் தனி என்று இருந்ததில் இந்த நியாயம் இருந்தது. ஒரே அறையில் அடைக்க ஆரம்பித்தபோது அதைத் தொலைத்துவிட்டோம்.

உங்கள் மனைவி கேட்பதை நான் ஒதுக்கவில்லை. மாமனார் இருக்கிற வீட்டில், ஹாலில் விருந்தாளி படுத்திருக்கும் இரவில், ஈர உடையோடும் மாதவிலக்கு நாட்களிலும் நாலு பேர் கண்முன் நடந்து போவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம் என்பது ஆண்கள் பிளான் போடும்போது நினைவுக்கு வருவதே இல்லை. வளர்கிற மகளுக்கும் அதே சங்கடம்தான். இருவருக்கும் தேவை மறைவு. மூன்றரை அடி அகலத்தில் ஒரு சின்ன நடை விட்டு, உங்கள் அறைக் கதவையும் பொதுப் பாத்ரூம் கதவுகளையும் அந்த நடைக்குள் எதிரெதிராக வைத்தால் அந்த மறைவு கிடைத்துவிடும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நடையின் வாய் மட்டும்தான் தெரிய வேண்டும். அங்கே ஒரு திரை போட்டுக்கொள்ளலாம். அறையிலிருந்து வெளிவந்தால் இரண்டு எட்டில் பாத்ரூம். இந்தப் பிளானை மனைவியிடம் காட்டி, அவர் ஒத்துக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள். மூன்று பாத்ரூமையும் தேய்த்துக் கழுவப்போவது பெரும்பாலும் அவர்தான் என்பதால் இதில் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

ஒரு பாத்ரூமுக்கு இரண்டு கதவு, ஒன்று அறைக்கு, ஒன்று ஹாலுக்கு என்றும் சிலர் சொல்வார்கள். வேண்டாம். உள்ளே போகிறவர் இரண்டையும் தாழ் போட வேண்டும், வரும்போது இரண்டையும் திறக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தினமும் ஒரு சண்டை.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். நாற்றம் வரும் அட்டாச்டு பாத்ரூம்களை அவர் பார்த்திருப்பார். ஆகவே அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்த நாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தடுக்கவும் முடியும். கம்மோடின் வளைவிலும் தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பிலும் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். செப்டிக் டேங்க் வாயுவும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வேலூர் வெயிலில், புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் காய்ந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறுவது இதனால்தான்; போகும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, டிராப் மேல் ஒரு மூடி வைத்துப் போனால் சரி. இன்னொரு காரணம், மலக்குழாயை மொட்டைமாடிக்கு மேல் காற்றுக் குழாயாக நீட்டாமல் விட்டுவிடுவது. காற்று வரவில்லையென்றால், ஃப்ளஷ் செய்யும் வேகத்தில் குழாய் பக்கத்து டிராப்பின் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். ஒரு பைப் துண்டை மிச்சம் பிடிக்கப் பிளம்பர் செய்கிற காரியம் இது. நீங்களே மாடியேறிப் பாருங்கள். மூன்றாவது, ஜன்னல். சதுரமாக இரண்டடிக்கு இரண்டடி வென்டிலேட்டர், திறந்த வெளியைப் பார்த்து இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலுக்குத் துணைதான், மாற்று அல்ல.

பாத்ரூமை எந்தச் சுவரில் வைப்பது என்பதில்தான் நம் ஊர் வெயிலுக்கு ஒரு பலன் இருக்கிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க வெயிலை வாங்கி, இராத்திரி படுக்கிற நேரத்தில் அறைக்குள் அனலை விடும். அந்தச் சுவரில் பாத்ரூமை வைத்தால் வெயில் அதோடு நின்றுவிடும்; படுக்கையறை தப்பிக்கும், பாத்ரூமும் ஈரம் காய்ந்து பாசி பிடிக்காமல் இருக்கும். காற்று வரும் பக்கத்தை அறையின் ஜன்னலுக்கு விடுங்கள். வாஸ்து பார்ப்பவர்களும் வாயு மூலையான வடமேற்கைப் பாத்ரூமுக்கு ஒப்புக்கொள்வார்கள், ஈசானியமான வடகிழக்கில்தான் வேண்டாம் என்பார்கள். ஆகவே பெரியவர்களோடு வாக்குவாதம் வராது. பூஜை அறைச் சுவரும் பாத்ரூம் சுவரும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டக்கூடாத இன்னொன்று துணி அலமாரி. பாத்ரூமுக்கும் அறைக்கும் இடையில் நாலரை அங்குலச் சுவர்தான் வைப்பார்கள். குளிக்கிற பக்கம் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் ஈரம், மறுபக்கம் பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். அங்கே அலமாரி இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. ஆரணிப் பட்டுப் புடவையை எடுக்கும்போது பூஞ்சை வாடை அடித்தால்தான் தெரியும். ஷவரும் குழாய்களும் வெளிச்சுவரில் வரட்டும், அலமாரி வேறு சுவருக்குப் போகட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. பாத்ரூம் கூடினால் தண்ணீர்ச் செலவு தானாகக் கூடாது. குளிப்பவர்கள் ஆறு பேர்தான். ஆனால் வாளியில் இருபது லிட்டரில் குளித்தவர் தனி பாத்ரூம் வந்ததும் பத்து நிமிடம் ஷவரில் நின்றால், அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஓடிவிடும். கோடையில் போர் கீழே போய் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ள ஃப்ளஷ் டேங்க் வாங்குங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பாய்ப் படிந்து அதைத் தின்றுவிடும், ஆகவே ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு கீசர் என்று வாங்காதீர்கள். அப்பா பாத்ரூமில் ஒன்று போதும். பொதுக் குளியலறை அதற்கு முதுகோடு முதுகாக இருந்தால் சுவர் வழியாக ஒரு லைன் கொடுத்துவிடலாம்.

மாடி அறைக்கு அட்டாச்டு கட்டாயம். வெளிப்படிக்கட்டும் வைத்துவிட்டால், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கோ, சிகிச்சைக்கு மாதக்கணக்கில் தங்குகிற குடும்பத்துக்கோ வாடகைக்கு விடலாம். காட்பாடியில் பாத்ரூம் இல்லாத தனி அறைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். நாளைக்கு மகனோ மகளோ குடும்பமாக அங்கே குடியேறினாலும் உதவும். அந்தப் பாத்ரூம் கீழ்ப் பாத்ரூமுக்கு நேர் மேலே வரட்டும். சமையலறைக்கு மேலே வந்தால், ஒரு நாள் கசிவு சமையல் மேடையில்தான் சொட்டும். ஓவர்ஹெட் டேங்கை மாடித் தளத்தின் மேலேயே வைத்தால் அங்கே ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் விழும்; ஆறடி ஸ்டாண்டு கட்டி அதன்மேல் ஏற்றுங்கள்.

செப்டிக் டேங்க் அளவைப் பாத்ரூம் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அது தவறு. எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்பதே கணக்கு. மாடிக்குக் குடிவைக்கும் எண்ணம் இருந்தால் பத்துப் பேருக்குப் போடுங்கள். மனை சிறியது என்பதால், போர் ஒரு மூலை என்றால், செப்டிக் டேங்க் நீர் மண்ணில் இறங்கும் உறைக்குழி அதற்கு நேரெதிர் மூலை.

மாடிப் பாத்ரூமுக்குத் தளத்தை இறக்கிப் போடுவார்கள். அந்தப் பள்ளத்தில் வாட்டர்புரூஃபிங் பூசிய பிறகு, நிரப்புவதற்கு முன்னால், குழாய் வாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, இரண்டாம் நாள் கீழே போய்த் தளத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை காய்ந்திருந்தால் மட்டும் டைல்ஸ்காரரை வரச் சொல்லுங்கள்.