டாலெக்கின் முதுகு

அன்புள்ள ஐயா,

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் வில்லன்களான டாலெக்குகளைப் பற்றி, உலோகக் கூட்டுக்குள் வாழும் அந்த உயிரிகளைப் பற்றி, சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். 2010இல் வந்த புதிய டாலெக்குகளைத் ‘தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்கள்’ என்று கேலி செய்திருந்தீர்கள். சிரித்துவிட்டேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிறுவயதில் பார்த்ததுதான் ரசிகர்களுக்கு வேதம். 1963இல் செய்த உருவம் மட்டும் என்ன வாழ்ந்தது? மிளகுத்தூள் குப்பிக்குக் கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கையாக வைத்தார்கள், அவ்வளவுதானே? பதினொரு வயது மகனுக்குப் புதியவைதான் பிடித்திருக்கின்றன. ரசிகர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் எவரால் எதை மாற்ற முடியும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

குடம் என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு. நிறத்தைக் குறை சொன்னதும் தவறுதான். 1965இல் வந்த டாலெக் திரைப்படத்திலேயே சிவப்பும் கறுப்பும் இருந்தன. 2010இல் வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்ததும் அந்தப் படங்களின் பளிச்சென்ற நிறங்கள்தான். ஆனால் என் சண்டை முடிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சிக்கல் நிறத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது.

அந்த மிளகுக் குப்பியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். கதை எழுதிய டெரி நேஷன் கேட்டது ஒன்றே ஒன்று: உள்ளே வேடமிட்ட மனிதன் இருக்கிறான் என்று தெரியவே கூடாது. நீண்ட பாவாடைக்குள் கால் தெரியாமல் வழுக்கிச் செல்லும் ஜார்ஜிய நடனப் பெண்கள் அவர் நினைவில் இருந்தார்கள். பிபிசியின் மாதச் சம்பள வடிவமைப்பாளர் ரேமண்ட் க்யூசிக், உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் அளவை எடுத்துக்கொண்டு அவனைச் சுற்றிக் கூட்டை வரைந்தார். உள்ளே இருப்பவர் காலால் தள்ளுவார், கழுத்து வலை வழியாக வெளியே பார்ப்பார். குரல் வேறொருவருடையது, எது பேசுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டுமே, அதற்காகத் தலைமேல் இரண்டு விளக்குகள். செய்த கூடுகள் நான்குதான். கூட்டம் வேண்டியபோது ஆளுயரப் புகைப்படங்களை வெட்டிப் பின்னால் நிறுத்தினார்கள். கை இறுக்கத்தில் பிறந்த உருவம்தான். ஆனாலும் அதற்கு முகம் இல்லை, தோள் இல்லை, இடுப்பு இல்லை. நம் கண் பழக்கப்பட்ட எதுவும் அதில் அகப்படாது. பயம் அங்கிருந்துதான் வருகிறது. (இத்தனைக்கும் க்யூசிக்குக் கிடைத்தது ஒரு சிறு ஊக்கத்தொகை, உரிமைப் பணத்தில் பங்கு பெற்றவர் நேஷன். அது தனிக் கதை.)

ரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்கள் என்றால் 2005ஐ என்ன செய்வது? அந்த ஆண்டு டாலெக் அடிமுதல் முடிவரை புதிதாகச் செய்யப்பட்டது. வெண்கல நிறம், தடித்த தகடு, வரிசையாக ஆணித்தலைகள். பீரங்கி வண்டிபோல ஒரு கனம். யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. நீங்கள் சிரித்த அந்த ரப்பர் கிண்ணத்தைப் பார்த்து அந்த ஆண்டு வந்த கதையில் ஒருவன் உங்களைப்போலவேதான் சிரிக்கிறான். கிண்ணம் மெல்ல நீண்டு அவன் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு முட்டிச் சாகிறான். அடுத்து, படிக்கட்டு. டாலெக்குக்கு மாடி ஏறத் தெரியாது என்பது பல்லாண்டு காலக் கேலி. படியடியில் வந்து நிற்கும் அது, தரையை விட்டு அப்படியே எழும்புகிறது. ஊர் சிரித்த இரண்டையும் எடுத்து அச்சமாக்கினார்கள். கலைஞனுக்கு இதைவிட என்ன சுதந்திரம் வேண்டும்?

இனி 2010. புதியவை வந்த அந்த ஒரே அத்தியாயத்தில் இரண்டு மறுவடிவமைப்புகள் இருக்கின்றன, எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள். உலகப்போர்க் கால லண்டன், சர்ச்சிலின் நிலவறை. பழைய வெண்கல டாலெக் காக்கிச் சாயம் பூசிக்கொண்டு, கண் பொருத்திய தண்டின் கீழே பிரிட்டிஷ் கொடியைத் தாங்கி, பணிவாகத் தேநீர் கொண்டுவருகிறது. ஒரு டப்பா பெயிண்ட், அவ்வளவுதான். பார்க்க முதுகு சில்லிடுகிறது. பிறகு புகைக்குள்ளிருந்து உங்கள் மகனின் ஐந்து பேர் வருகிறார்கள்: வெள்ளை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு, மஞ்சள். ஐந்துக்கும் ஐந்து பதவி; மஞ்சளுக்கு ‘நித்தியன்’ என்று பட்டம். அதற்கு என்ன வேலை என்று கடைசிவரை சொல்லவில்லை. பின்புறம் தகடு புடைத்துக் கூன் விழுந்திருக்கிறது. கூன் விழுந்ததும் அதற்கு ஒரு முதுகு வந்துவிட்டது. முதுகு வந்தால் உள்ளே ஓர் ஆள் வந்துவிடுகிறான். க்யூசிக் அவ்வளவு பாடுபட்டு மறைத்த ஆள்.

இது போதாதென்று, புதியவை பழையவற்றை ‘தரக்குறைவு’ என்று சுட்டுப் பொசுக்குகின்றன, பழையவை சரி என்று நின்று சாகின்றன. ஐந்தாண்டுகள் அவற்றைக் கண்டு நடுங்கிய ரசிகனிடம் இதைக் காட்டிவிட்டுக் கைத்தட்டு என்றால் எப்படி? தொடரின் பொறுப்பிலிருந்த ஸ்டீவன் மொஃபட்டே பின்னர் அந்த வடிவம் பிழை என்று ஒப்புக்கொண்டார். 2012இல் மறுபடி வெண்கலம்தான் திரையை நிறைத்தது.

உங்கள் மகன் சொல்வதில் ஒன்றை மறுக்க மாட்டேன். அந்த உயரம். வெள்ளை டாலெக் கதாநாயகனுக்கு எதிரே நிற்கும்போது பழையவற்றுக்கு இல்லாத ஒரு மிடுக்கு அதற்கு இருக்கிறது. பதினொரு வயதில் நானும் அதில்தான் மயங்கியிருப்பேன்.

அவனுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். 1966இல் அதே தொடரில் முதன்முதலாக வந்த சைபர்மேன்கள், உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்ட மனிதர்கள். முகத்தில் துணி, மார்பில் பெரிய பெட்டி, கைகள் மட்டும் வெறும் மனிதக் கைகள். அதன் பிறகு எத்தனையோ முறை பளபளப்பாக்கியும் அந்தக் கைகளுக்கு ஈடான ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. டாலெக்குக்கு மனிதன் தெரியக் கூடாது. சைபர்மேனுக்கு மிச்சமிருக்கும் மனிதன் தெரிந்தே ஆகவேண்டும். அது பேசும்போது வாய் அசையாது. வாய் திறந்தபடி நிற்கும், ராகம் தப்பிய பாட்டுப்போல் குரல் மட்டும் வரும். சாகப்போகிற விண்வெளி வீரர்கள்மேல் உங்களுக்கு அக்கறை இல்லையா என்று பாலி என்ற பெண் கேட்கிறாள். உங்கள் உலகம் முழுக்க மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள்மேல் உனக்கு அக்கறை இல்லையே என்கிறது அது.

அந்தக் கதையின் நான்காம் பகுதியின் படச்சுருள் தொலைந்துவிட்டது. அதை அசைவூட்டமாகத்தான் பார்க்க முடியும். முதல் மூன்றையும் பார்த்துவிட்டு அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.