மருமகள் கொண்டு வந்த கைப்பழக்கம்

கேள்வி: ஐயா, ஐரோப்பாவில் 7,000 வருடத்துக்கு முந்திய வெள்ளாமைக்காரரின் சட்டி ஓடுகளை வைத்தே யாருக்கு யார் தொடர்பு என்று சொல்கிறார்களாமே, பூவேலையைப் பார்த்தா? எங்கள் வயலிலும் உழும்போது கறுப்பு-சிவப்பு ஓடுகள் வருகின்றன.
– ஒரு வாசகி, தம்பலகாமம், திருகோணமலை

பதில்: பூவேலையை மட்டும் பார்த்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன், பிள்ளை. கண்ணில் படுவதை யாரும் பார்த்துச் செய்யலாம். புது மருமகள் உடுத்த சீலையில் அவள் ஊர் தெரியாது. தேங்காய் திருவத் திருவலையில் குந்தினால் தெரிந்துவிடும். மண்ணைக் கூட்டிச் சட்டியை எழுப்புகிற விதமும் சின்ன வயதில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து கையில் படிவது. மேலே மெழுகிய பிறகு அது வெளியே தெரியாது, ஆகவே அயலார் பார்த்து எடுக்கவும் ஏலாது. ஆபிரிக்கக் குயவரிடையே ஆய்வு செய்த ஒலிவியே கொஸ்லானும் இதையே சொன்னார்: அலங்காரம் சுலபமாக மாறும், எழுப்பும் முறை லேசில் மாறாது.

சட்டி பெரும்பாலும் பொருத்தின இடத்தில்தான் விடும், ஆகவே எழுப்பிய விதம் உடைந்த விளிம்பில் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை எக்ஸ்ரே ஸ்கேன் காட்டும். மண் திரியைச் சுற்றி அடுக்குவதுதான் நாம் அறிந்த முறை. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், தென் பிரான்சின் பொந்திமூனிலும் இத்தாலியின் அரேனே கந்தீதே குகையிலும் வேறொன்று அகப்பட்டது. சின்னச் சின்ன மண் துண்டுகளைச் சுருளாக ஒட்டி எழுப்பியிருக்கிறார்கள். கி.மு. 6ஆம் ஆயிரத்தாண்டில் அந்தக் கடலோரத்துக்கு வந்த முதல் உழவர்களின் வேலை. இவ்வளவு வில்லங்கமான முறை இரண்டு இடத்திலும் தனித்தனியே முளைத்தது என்றால் நான் ஏற்கமாட்டேன்.

வட பிரான்சின் குய்ரி-லே-ஷோதார்தில், நீங்கள் கேட்ட அந்த 7,000 வருடத்துக்கு முந்திய உழவர் ஊரொன்றில், ஒரே ஊருக்குள் வீட்டுக்கு வீடு முறை வேறுபடுகிறது. அந்தக் காலத்து மத்திய ஐரோப்பிய உழவரின் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்து, பற்களில் உள்ள ஸ்ட்ரோன்சியத்தை (வளர்ந்த ஊர் மண்ணுக்கேற்ப வேறுபடும் ஒரு தனிமம்) வைத்து, ஆண்களைவிடப் பெண்களே அதிகம் வெளியூரில் வளர்ந்தவர்கள் என்று 2012இல் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெண் கொடுத்து எடுத்த தடம் என்றே எனக்குப் படுகிறது. (சட்டி செய்தது பெண்கள்தான் என்று ஓட்டில் எழுதியில்லை. நம் குயவர் வீடுகளில் சக்கரத்தில் இருப்பது ஆண். அந்த ஐரோப்பிய உழவரிடம் சக்கரமே இருக்கவில்லை.)

உங்கள் வயல் ஓடுகள் வேறு கதை. கறுப்பு-சிவப்பு நம் நாட்டில் இரும்புக் காலத்தோடு வருவது. சூளையில் காற்றுப் படாத உட்பக்கமும் வாயும் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். மேற்கொண்டு தோண்ட வேண்டாம். கிடந்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். முக்கியமாக, மண் போக என்று உடைந்த விளிம்பைத் தும்பு போட்டுத் தேய்க்காதீர்கள்.