ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனிலேயே தெரிந்த பிறகு ஃபைப்ரோஸ்கேன் எதற்கு?

வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்திருக்கிறது. இப்போது ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே அல்ட்ராசவுண்ட்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆறு வருடமாக ஃபைப்ரோஸ்கேன் மெஷினில்தான் என் வேலை.

சாதாரண ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று வலது கிட்னியோடு ஒப்பிட்டு கிரேடு போடுகிறோம். கடைசியில் பார்ப்பவரின் கண்தான் அளவுகோல். ஒருவர் கிரேடு 1 என்றதை இன்னொருவர் 2 என்பார். கல்லீரலுக்குள் தழும்பு விழ ஆரம்பித்திருந்தால் அது படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஃபைப்ரோஸ்கேன் இரண்டு எண்களைத் தரும். முதலாவது கொழுப்புக்கு. கொழுப்பு ஏறிய கல்லீரலுக்குள் ஒலி போகப் போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தை மீட்டருக்கு இத்தனை டெசிபெல் என்று, 100 முதல் 400 வரையிலான எண்ணாகச் சொல்கிறது.

இரண்டாவதுதான் முக்கியம். விலா எலும்புகளுக்கு நடுவே ப்ரோப்பின் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியின்) முனை விரலால் சுண்டுவதுபோல் ஒரு தட்டு தட்டும். அந்த அதிர்வு நல்ல கல்லீரலுக்குள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். அல்ட்ராசவுண்ட் ஒலியோ நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடுவது. அதனால் அதிர்வு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒலியை அனுப்பி அனுப்பிப் பார்த்துவிட முடிகிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது பிரமிப்புதான். தழும்பேறி இறுகிய கல்லீரலில் அதிர்வு விரைந்து ஓடும். வேகம் இரண்டு மடங்கானால் கடினம் நான்கு மடங்கு என்று கணக்கு. அதைத்தான் கிலோபாஸ்கலில் தருகிறோம். 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் எண் என்றாலே சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மாவுக்கு 9.8 வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "ரெண்டு இட்லிதான் தம்பி, மாத்திரை போடணுமே" என்றார். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், கடினமும் கூடித் தெரியும். அடுத்த வாரம் வெறும் வயிற்றில் எடுத்தபோது 6.1. அந்த ஒரு வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லையாம். படுக்க வைக்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அதுதான் என் முதல் கேள்வி.

கல்லீரலில் அழற்சி இருந்தாலும் எண் ஏறும். அதனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் சேர்த்தே காட்டுங்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள். ரிப்போர்ட்டில் பத்து அளவுகள் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்திலேயே 'ஐ.க்யூ.ஆர்/மீடியன்' என்று ஒரு சதவீதம் இருக்கும். அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைச் சொல்வது அது. கடினம் அதிகம் என்று வந்து, இந்தச் சதவீதமும் 30-ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.